தள்ளி விழுந்த வீடு

அன்று காலை பூலோகத்தின் வீட்டுக்கு நடுவில் ரயில் தண்டவாளம் ஓடியது.

செம்பூர் ஆபீசில், சுஜாவின் கம்ப்யூட்டர் திரையில்தான். தாராவிச் சந்துகளில் மாசக்கணக்காக நடந்து, மூலை மூலையாக அளந்து போட்டு வைத்திருந்த சிவப்புக் கட்டங்கள் எல்லாம், விரித்த ஜமுக்காளத்தை யாரோ ஒரு ஓரத்தில் பிடித்து இழுத்தது மாதிரி, மொத்தமாகத் தெற்கே சரிந்து கிடந்தன. கட்டங்களுக்கு அடியில் வானத்திலிருந்து எடுத்த படம். அதில் தகரக் கூரைகள், நீலத் தார்ப்பாய்கள், தண்ணீர் டாங்கிகள். மேலே இருக்கும் கோடும் கீழே இருக்கும் கூரையும் பொருந்தி உட்கார வேண்டும். உட்காரவில்லை. ஒரு தெரு முழுக்க மாட்டுங்கா பக்கத்துத் தண்டவாளத்தில் போய் விழுந்திருந்தது. அதில் பூலோகத்தின் வீடும் ஒன்று.

பூலோகம் கம்பு பிடிக்கிறவன். தோல் பதனிடும் கொட்டடியில் உப்புத் தோல் சுமந்து முதுகு விட்டுப்போன பிறகு, குடிசைகளை இடித்துப் புது வீடு கொடுப்பதற்காக அளக்கிற சர்வே கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு வந்து சேர்ந்தான். வீட்டு மூலையில் கம்பை நட்டு, அதன் உச்சியில் இருக்கும் வெள்ளைக் கருவி வானத்தோடு பேசி முடிக்கும் வரை ஆடாமல் நிற்க வேண்டும். மழை நாட்களில் ஆபீசில் உட்கார்ந்து எந்தச் சந்து எதில் போய் முட்டும் என்று சுஜாவுக்குச் சொல்ல வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவன், திரையில் பேர் வந்தால் இன்னும் உதடு அசைத்துத்தான் வாசிப்பான். ஆனால் கட்டத்தைப் பார்க்க எழுத்து எதற்கு? தன் வீட்டை அவன் பார்த்தவுடன் கண்டுகொண்டான்.

"என்ன அண்ணாச்சி, உங்க அடுப்படிக்குள்ள லோக்கல் ட்ரெய்ன் போகுது," என்று சுஜா சிரித்தாள். கோவண்டியில் பிறந்து வளர்ந்த பெண். "டிக்கெட் இல்லாம தாதர் போயிரலாம். மஸ்த்."

"சிரிக்காத மக்கா. ஏன் இப்படிச் சரிஞ்சு கெடக்கு?"

"புரொஜெக்‌ஷன் தப்பாயிட்டு. நீங்க தோலு வேலை பார்த்தவருதான? ஈரத் தோலைப் பலகைல விரிச்சு ஆணி அடிப்பீங்கல்லா, ஒரு பக்கம் இழுத்தாத்தான் இன்னொரு பக்கம் படியும். பூமியும் அப்படித்தான். உருண்டையைத் தட்டையா விரிக்கணும். ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி ஆணி அடிச்சு வச்சிருக்கான். நாம அளந்தது ஒரு கணக்கு. இந்த மெஷின் அதை வேற கணக்குன்னு நெனச்சிட்டு. அதான் எல்லாமே தள்ளி விழுந்திருக்கு. ஜோன்ஸ் சார் வந்து மொத்தமாச் சரி பண்ணிருவாரு."

பூலோகம் தலையாட்டினான். ஆனாலும் கண் திரும்பத் திரும்ப அந்தத் தண்டவாளத்துக்கே போயிற்று. அந்தப் பாதையில் அடிபட்டுக் கிடந்தவர்களை அள்ளிப் போலீசுக்குத் தூக்கிக் கொடுத்த நாட்கள் அவனுக்கு உண்டு. மனைவி முருகம்மாளும் மகள் இசக்கிசெல்வியும் படுத்து உறங்குகிற இடத்துக்குக் குறுக்கே அந்த இரண்டு கறுப்புக் கோடுகள் போயின.

"ஏம்மா, என் வீட்டை மட்டுமாச்சும் தூக்கி அது இடத்துல வச்சிரேன்."

"சார் வந்தா எல்லாமே அதது இடத்துக்குப் போயிருமே அண்ணாச்சி."

"அது வரைக்கும் ரயிலுக்கு அடியிலயா கெடக்கணும்? நல்லா இருப்ப, எடுத்து வையி."

அவள் சிரித்துக்கொண்டே அம்புக்குறியால் அந்த ஒரு கட்டத்தைப் பிடித்தாள், இழுத்தாள், வடக்கே கொண்டுபோய் அவனுடைய கூரை மேல் அலுங்காமல் வைத்தாள். "போதுமா? குடிபோகப் பால் காய்ச்சிருங்க." பூலோகத்துக்கு மூச்சு வந்தது. எழுந்து போய் எல்லாருக்கும் சாயா வாங்கி வந்தான்.

மத்தியானத்துக்கு மேல் ஜோன்ஸ் சார் வந்தார். சூபர்வைசர். நாகர்கோவில்காரர், நின்றுகொண்டே வேலை செய்கிறவர். நின்றபடியே எதையோ தட்டினார், ஒரு பட்டியலில் தேடி எதையோ தேர்ந்தெடுத்தார், அமுக்கினார். அவ்வளவுதான், சிவப்புக் கட்டங்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்து வடக்கே வழுக்கிக்கொண்டு போய், கூரை கூரையாக, சுவர் சுவராகப் பொருந்தி உட்கார்ந்தன. யாரோ கைதட்டினார்கள். சார் அதே கோப்பின் மேலேயே சேமித்து, சர்வருக்கு ஏற்றி, "பப்ளிஷ் ஆயிட்டு, இனி வார்டு ஆபீஸ்காரன் கேட்டா இதையே பார்த்துக்கிடச் சொல்லு" என்று பையை எடுத்தார்.

பூலோகம் மட்டும் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து தேடிக்கொண்டிருந்தான். இடது பக்கத்து வீடு நஜ்முன்னிசாவுடையது, இருந்தது. வலது பக்கம் பை தைக்கிற கடை, அதுவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கட்டம் இல்லை.

"சுஜா."

அவளும் குனிந்தாள். அவள் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "ஐயோ அண்ணாச்சி. காலைல உங்க வீட்டை நான் கையால எடுத்து வச்சேன்லா. அது ஏற்கெனவே சரியான இடத்துல இருந்திருக்கு. சார் எல்லாத்தையும் வடக்க தள்ளும்போது அதையும் சேர்த்துத் தள்ளிட்டாரு."

அவள் படத்தை மேலே மேலே நகர்த்தினாள். ரோடு போயிற்று. குப்பை மேடு போயிற்று. அலையாத்திக் காட்டின் இருண்ட பச்சை போயிற்று. மித்தி ஆறு சேறும் சாக்கடையுமாகக் கடலைப் போய்ச் சேருகிற கழிமுகம், ஊரார் வாயில் காடி, வந்தது. அந்தக் கறுப்புத் தண்ணீரின் நடுவில், ஒற்றையாக, ஒரு சின்னச் சிவப்புக் கட்டம்.

அவள் அதைப் பெரிதாக்கினாள். படம் சதுரம் சதுரமாக வந்து நிரம்பியது. கட்டத்துக்கு அடியில் இருந்த ஒரு சதுரம் மட்டும் வராமல் சாம்பலாகவே நின்றது.

"நெட் ஸ்லோ," என்றாள். "நாளைக்கு சார்கிட்டச் சொல்லி மாத்திரலாம். ஒண்ணும் ஆகாது."

*

சாயங்காலம் மழை விட்டிருந்தது. பூலோகம் சந்துக்குள் நுழைந்தான். அவர்கள் சந்தில் பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டும். தலைக்கு மேல் கூரையும் வயரும் குழாயும் பின்னிக்கொண்டு வானம் என்பது ஒரு சாண் கிழிசலாகத்தான் தெரியும். பை கடையின் தையல் மெஷின்கள் கடகடத்தன, யார் வீட்டிலோ மீன் வறுபட்டது, சாக்கடை மூடிகள் அவன் மிதியில் டக் டக்கென்று ஆடின. எல்லாம் எப்போதும் போல. வீட்டுக் கதவு மழைக்கு ஊறி இறுகிப்போயிருந்தது. உள்ளிருந்து தாழை நெம்பித்தான் திறக்க வேண்டும். அதற்காக அவன் ஒரு தட்டுத் தட்டி, கொஞ்சம் நிறுத்தி, ரெண்டு தட்டுத் தட்டுவான். முருகம்மாளுக்கு அது தெரியும்.

தட்டினான். அவள் திறக்க நேரமானது. திறந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன வெளையாட்டு இது, இந்த வயசுல? இப்பத்தான தட்டுனீக. நெம்பித் தொறந்து பார்த்தா ஆளைக் காணோம்."

"நான் இப்பத்தான வாரேன்."

"அப்ப உங்கள மாதிரியே தட்டுற இன்னொருத்தனைக் கட்டிக்கிடுதேன்," என்று அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். சேலையின் கீழ்க்கரை நனைந்து காலில் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பூலோகம் பார்த்தான். தரை காய்ந்திருந்தது.

கதவைச் சாத்தினான். தையல் மெஷின் சத்தம் நின்றது.

மறுபடி திறந்தான். கடகட கடகட. சாத்தினான். ஒன்றுமில்லை. மூடிய கதவுக்குள் சத்தம் குறையும்தான், ஆனால் இப்படி அறுத்துப் போட்ட மாதிரி நிற்காது. பை கடைக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரில் சாய்ந்தால் முதுகு அதிரும். இன்று சுவர் சும்மா இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், ரொம்ப மெதுவாக, தொட்டியில் யாரோ கை அலசுகிற மாதிரி, ஒரு சலசலப்பு.

*

சார் மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் புனா போயிருந்தார். பூலோகம் போன் செய்தால், "வெரிஃபிகேஷன்ல சரி பண்ணிக்கிடலாம் ஓய், ஆயிரக்கணக்குல வீடு இருக்கு, உம்ம வீடு ஒண்ணுக்காகவா சர்வரை நிறுத்த முடியும்?" என்றார்.

வீட்டுக்குள் காடியின் வாசம் குடிவந்தது. முதலில் மூலையில் மட்டும், ஈரச் சாக்கு மாதிரி. பிறகு தலையணையில், சோற்றில். உப்பும் அழுகலும் டீசலும் கலந்த வாசம். கேஸ் அடுப்பின் பித்தளைத் திருகில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அரிசிப் பானையைத் திறந்த இசக்கிசெல்வி வீலென்று கத்தினாள். உள்ளே விரல் நகம் அளவில் சேற்று நண்டுகள், அரிசியோடு அரிசியாக ஊர்ந்தன. பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிற பெண் அவள். வேலைக்குக் கிளம்பும்போது உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி இருந்ததைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்கப்பா, ராத்திரி முழுக்கத் தண்ணில நின்ன மாதிரி." சிரிக்கத்தான் செய்தாள். இரண்டு நாள் கழித்து அவள் வேலைக்குப் போகவில்லை. தலை கனக்கிறது, உடம்பு மிதக்கிற மாதிரி இருக்கிறது என்று படுத்துக்கொண்டாள்.

நஜ்முன்னிசா சந்தில் மறித்தாள். அடுத்த வீட்டுக்காரி, மேலப்பாளையம் பக்கத்துக்காரி, எதையும் முகத்துக்கு நேரே கேட்கிறவள்.

"அண்ணே, உங்க வீட்டுல பைப்பு ஏதும் ஒடைஞ்சிருக்கா? சுவர் பக்கம் காது வச்சா தண்ணி சத்தமாக் கேக்கு. முந்தியெல்லாம் முருகம்மா தாளிச்சா எனக்குத் தும்மல் வரும். இப்ப நான் சுவரைத் தட்டிக் கூப்பிட்டா பதிலே இல்ல. கோவமா எங்கூட?"

"அவ வீட்டுலதான இருக்கா."

"தட்டுனேன் அண்ணே. பதிலுக்குத் தட்டுச் சத்தம் வந்துச்சு. ஆனா கீழ இருந்து வந்துச்சு. தரைக்குப் பக்கத்துல இருந்து." அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க, எலியா இருக்கும்" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று பூலோகம் மனைவியிடம் சொன்னான். "கெளம்பு. பாண்டுப்ல உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. பிள்ளையையும் கூட்டிட்டுப் போ. கொஞ்ச நாளைக்கு."

முருகம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். "தெருவுக்கே நீங்கதான சொன்னீக? வெரிஃபிகேஷன் வாறப்ப வீடு பூட்டிக் கெடந்தா ஆளில்லன்னு போட்டிருவான், புது வீடு கெடைக்காது, வேலைக்குக் கூடப் போகாம வீட்டுலயே கெடங்கன்னு? சனிக்கெழம வாரானாம். ஆதார் கார்டு, கரண்ட் பில்லு எல்லாம் பைல எடுத்து வச்சிட்டேன். நான் எங்கயும் நகரமாட்டேன். வந்து தட்டட்டும், தொறக்கேன்."

அவன் சொன்னதுதான். கம்பைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நின்று, ஆபீசில் சொல்லிக் கொடுத்தபடி, அவனே சொன்ன வார்த்தை. அதற்கு மேல் என்ன சொல்வது? திரையில் நம் வீடு காடிக்குள் கிடக்கிறது, அதனால் ஓடு என்றா? சொல்லிப் பார்த்தான். அவள் ஈரக் கையை அவன் நெற்றியில் வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டாள். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது.

*

வெள்ளிக்கிழமை சுஜாவைத் தனியாகப் பிடித்து உட்கார வைத்தான். "இழுத்து வையி. அன்னைக்கு மாதிரி. ஒரு நிமிசம்."

அவள் அம்புக்குறியைக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் அழுத்தினாள். நகரவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"இது படம் அண்ணாச்சி. நம்ம கோப்பு சர்வருக்குப் போயிட்டு, எங்க கையில இப்ப இல்ல. மேப் சர்வீஸ்னா இதுதான். எந்த இடம் வேணும்னு கேட்டா அந்த இடத்தைப் படமா வரைஞ்சு அனுப்பும். பார்க்கலாம், தொட முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி."

"யாரு கேட்டாலும் இதைத்தான் அனுப்புமா?"

"யாரு கேட்டாலும். வார்டு ஆபீஸ், பேங்க், பில்டர். எல்லாருக்கும் உங்க வீடு அங்கதான்."

பூலோகம் கையை நீட்டித் திரையில் அந்தக் கட்டத்தைத் தன் விரலாலேயே பிடித்து இழுத்தான். கண்ணாடியில் விரல் ரேகை ஒன்று ஈரமாக விழுந்தது. கட்டம் அப்படியே இருந்தது.

அப்போது சாம்பல் சதுரம் நிரம்பியது. இத்தனை நாள் வராத அந்த ஒரு சதுரம், மங்கலாக வந்து, மெல்லத் தெளிந்தது. கறுப்புத் தண்ணீர். தண்ணீருக்கு நடுவில் ஒரு கூரை. கூரை மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ விரித்திருந்தது, அதன் மேல் ஒரு ஸ்கூட்டர் டயர்.

இந்த வருச மழைக்கு முன்னால் பூலோகம் தன் கையால் கட்டியது அது. சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அடித்த பேனரை மல்லாத்தி விரித்து, பறக்காமல் இருக்க டயரைத் தூக்கி வைத்தான்.

"இந்தப் படம் போன வருசம் எடுத்தது," என்றாள் சுஜா. குரல் இறங்கியிருந்தது. "போன வருசம், அண்ணாச்சி."

அவளே படத்தைக் கீழே நகர்த்தினாள். சந்து வந்தது. நஜ்முன்னிசாவின் கூரையும் பை கடையின் கூரையும் ஒன்றோடொன்று முட்டி நின்றன. நடுவில் ஒரு விரல் இடம்கூட இல்லை. மறுபடி மேலே போனாள், காடிக்கு. பெரிதாக்கினாள்.

"கதவுகிட்ட என்னமோ இருக்கே. அது என்னது?"

தண்ணீருக்கு அடியில், வாசற்படியை ஒட்டி, நீளமாக, கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். சாம்பலாகிவிட்டது.

*

சனிக்கிழமை வெரிஃபிகேஷன் ஆட்கள் மத்தியானத்துக்கு மேல்தான் அவர்கள் சந்துக்கு வந்தார்கள். டேப்லட்டைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தவன் ஷகீல். பூலோகத்துக்குப் பழக்கமான பையன்தான், கூடச் சாயா குடித்தவன். பூலோகம் காலையிலிருந்தே சந்து முனையில் நின்றிருந்தான். முருகம்மாள் கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டி, மகளையும் எழுப்பி உட்கார வைத்துத் தலை சீவிவிட்டு, கதவைத் தாழிட்டு உள்ளே காத்திருந்தாள். சாத்தி வைத்தால்தான் எலி வராது என்றாள். தட்டினால் திறப்பாள்.

ஷகீல் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். ஆள் வந்து வாசலில் நின்றதும் போட்டோ எடுத்தான். நஜ்முன்னிசா வீடு முடிந்தது. டேப்லட்டைப் பார்த்துக்கொண்டே நடந்து, பூலோகத்தின் நீலக் கதவைத் தாண்டி, பை கடை வாசலில் போய் நின்றான்.

"ஏ ஷகீல்! எங்க போற? இது என் வீடு."

"எது சாச்சா?"

"இதுதான்."

ஷகீல் திரும்பி வந்தான். அவன் சொன்ன இடத்தைப் பார்த்தான். நீலக் கதவின் நடுவில், பூலோகம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, உள்ளங்கையால் இரண்டு அடி அடித்தான். பொத் பொத்தென்று சத்தம் வந்தது. மரத்தின் சத்தம் இல்லை. செங்கல்லின் சத்தம்.

"தீவார் ஹை, சாச்சா," என்றான் இரக்கத்தோடு. சுவர்தான் இருக்கிறது என்றான். பிறகு டேப்லட்டில் பூலோகத்தின் பேரைத் தட்டித் தேடினான். முகம் மலர்ந்தது. "அரே, உங்க வீடு ஆயிடுச்சே! வெரிஃபைட். போட்டோகூட இருக்கு, பாருங்க. சும்மா டென்ஷன் ஆகுறீங்க."

அவன் நீட்டினான்.

போட்டோவில் அந்த நீலக் கதவு. திறந்திருந்தது. முருகம்மாளும் இசக்கிசெல்வியும் வாசலில் நின்றிருந்தார்கள். அதே கல்யாணச் சேலை. கையில் அதே பை. இருவரும் யாரையோ குனிந்து பார்த்தார்கள். படம் ரொம்பத் தாழ்விலிருந்து எடுத்திருந்தது. தரையோடு தரையாக, தண்ணீர் மட்டத்திலிருந்து ஒருத்தன் தலையை மட்டும் தூக்கி எடுத்த மாதிரி. ஓரங்களில் ஈரம் வழிந்திருந்தது.

"யாரு எடுத்தது இது?"

ஷகீல் உதட்டைப் பிதுக்கினான். "வேற டீமா இருக்கும்." அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டான்.

பூலோகம் திரும்பினான்.

நஜ்முன்னிசாவின் சுவர். அதை ஒட்டிப் பை கடையின் சுவர். நடுவில் சிமெண்டுப் பூச்சின் ஒரு கோடு. பழைய பூச்சு, பாசி படிந்தது. அவன் அதில் கையை வைத்தான். நகத்தால் பறண்டினான். ஒரு தட்டு. நிறுத்தி, ரெண்டு தட்டு. தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன; அந்த அதிர்வு உள்ளங்கைக்குள் வந்தது. இத்தனை நாள் வராத அதிர்வு.

நஜ்முன்னிசா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் அவள் மறந்துபோயிருப்பாள் என்று நினைத்தான். மறக்கவில்லை. அவள் கண்ணெல்லாம் தண்ணீர். "முருகம்மா உள்ளதான இருந்தா அண்ணே," என்றாள். "நான் பார்த்தனே." முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தாழ் விழும் சத்தம் கேட்டது.

*

அவன் ஓடினான். ரோட்டைக் கடந்து, குப்பை மேட்டைச் சுற்றி, கம்பி வேலி பிய்ந்திருந்த இடத்தில் உடம்பை நுழைத்து, அலையாத்திக் காட்டுக்குள் இறங்கினான். மழை பிடித்துக்கொண்டது. இருட்ட இன்னும் நேரம் இருந்தும் மேகம் கவிந்து எல்லாம் ஈயம் போலக் கிடந்தது. சேறு முழங்காலை இழுத்தது. பிடுங்கி வைத்த காலுக்கு அடியில் வேர்கள் விரல் விரலாக நிமிர்ந்து குத்தின. பிளாஸ்டிக் பைகள் கிளைகளில் தொங்கிச் சொட்டின. அந்த வாசம். தன் தலையணையில், தன் சோற்றில் இருந்த அதே வாசம். மரங்கள் முடிந்தன.

காடி.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து சத்தமில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. நடுவில் அது நின்றது.

கூரைதான் முதலில் தெரிந்தது. சிவப்பும் மஞ்சளுமான பேனர். டயர். அதற்குக் கீழே சுவர், நீலக் கதவு. கதவின் பாதிக்குத் தண்ணீர் வந்திருந்தது. ஜன்னலில் டியூப்லைட் எரிந்தது. எந்தக் கரண்டில் எரிகிறது? எரிந்தது.

"முருகம்மா!"

குரல் தண்ணீரின் மேல் போய் எங்கோ விழுந்தது. அவன் இறங்கினான். இடுப்பு. நெஞ்சு. கால் தட்டவில்லை. நீச்சல் தெரியாது. கம்பு பிடிக்கத்தான் தெரியும். ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு திரும்பக் கரைக்கே வந்து விழுந்தான், இருமினான், உப்பைத் துப்பினான்.

தண்ணீர் ஜன்னலைத் தொட்டது. வெளிச்சம் அணையவில்லை. ஜன்னலுக்குள், தண்ணீருக்குப் பின்னால், இசக்கிசெல்வி பாயை உதறி விரிப்பது தெரிந்தது. கூந்தல் மேலே எழுந்து மிதந்தது. அவள் கவனிக்கவில்லை.

பேனர் நனைந்தது. டயர் மூழ்கியது.

பிறகு வெளிச்சம் மட்டும். கறுப்புத் தண்ணீருக்கு அடியில் ஒரு சதுர வெளிச்சம்.

சட்டைப் பையில் போன் அடித்தது. நனைந்து செத்திருக்க வேண்டிய போன். திரையில் முருகம்மாள் என்று இருந்தது. அவனுக்கு முதன்முதலாக எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வந்த பேர்.

"எங்க இருக்கீக?" அவள் குரல் தெளிவாக இருந்தது. பின்னால் குக்கர் விசில் கேட்டது. "இன்னும் ஒருத்தனும் வரலியே. பிள்ளைக்குப் பசிக்கு." கதவு இன்னும் திறக்கவே இல்லை என்றால், அந்தப் போட்டோ?

"முருகம்மா. கேளு. வெளிய..." வெளியே என்ன என்று சொல்வது? "கதவைத் தொறக்காத. நான் சொல்லுற வரைக்கும்..."

"அலோ? அலோ? ஒண்ணும் கேக்கல. தண்ணி சத்தமாத்தான் கேக்கு."

"தொறக்காத! முருகம்மா!"

"கேக்கல... அட, இருங்க."

போனுக்குள் கேட்டது. ஒரு தட்டு.

நிறுத்தி, ரெண்டு தட்டு.

"வந்துட்டீகளா," என்றாள் அவள், நிம்மதியாக. "அத போன்ல சொல்லலாம்லா. இருங்க, நெம்பித்தான் தொறக்கணும்."

பூலோகம் கரையில் நின்றான். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தான். கத்திக்கொண்டே இருந்தான்.

தாழ் நெம்பும் சத்தம்.

தண்ணீருக்கு அடியில், அந்தச் சதுர வெளிச்சத்துக்குப் பக்கத்தில், இன்னொரு வெளிச்சம் மெல்லிய கோடாகப் பிறந்தது. கதவின் நீளத்துக்கு ஒரு கோடு. அது அகலமானது. அகலமாகிக்கொண்டே வந்தது. அதன் குறுக்கே, உள்ளே போகிற ஒன்றின் நீண்ட கறுப்பு முதுகு.